குடலுக்கு விடுமுறை

ஜனவரி 11

அன்புள்ள அகராதிக்கு,

மாமா எழுதுவது. அக்கா, அத்தான், நீ, உன் மூக்குக்கண்ணாடி எல்லோரும் சுகம்தானே? நானும் சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். பேனா ஒத்துக்கொள்ளவில்லை.

கொஞ்ச காலமாக வயிறு என் பேச்சைக் கேட்பதில்லை. என் வேலை உனக்குத் தெரியும். கட்டிடத்தைவிட உயரமான கிரேன், அதன் உச்சியில் ஒரு கண்ணாடிக் கூண்டு, கூண்டுக்குள் நாற்காலி, நாற்காலியில் நான். கக்கூஸ் தரையில். நடுவில் இருப்பது ஏனி. காலையில் ஏறினால் சாப்பாட்டுக்குத்தான் இறங்குவேன் என்றிருந்தவன், இப்போது அணில் மாதிரி ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறேன்.

கீழே நின்று வாக்கிடாக்கியில் எனக்கு வழி சொல்பவனை ‘விசில்’ என்று கூப்பிடுவோம். அவனிடம் ரகசியமாகச் சொல்லலாம் என்றால் வாக்கிடாக்கியில் ரகசியம் ஏது?

“விசில், நான் கொஞ்சம் இறங்குறேன்.”

“மறுபடியுமா? அண்ணே, அங்கயே பிடிச்சுக்கிட்டு வாங்க. டேய், உள்ள யாருடா? சீக்கிரம் வெளிய வா, உச்சி வர்றாரு!”

தளம் முழுக்க இதைக் கேட்டது. எஞ்சினியரும் கேட்டார். சிமெண்டு மூட்டை தூக்குகிறவர்கள் எனக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றார்கள். மந்திரிக்குக்கூட இப்படி ஒதுங்க மாட்டார்கள்.

பிறகு இரத்தமும் பட ஆரம்பித்தது. பயந்துபோய் ஆஸ்பத்திரிக்குப் போனேன். உள்ளே கேமரா விட்டுப் பார்த்தார்கள். எந்த வழியாக என்று கேட்காதே, அது உன் பரீட்சைக்கு வராது. டாக்டரம்மா என்னைவிடச் சின்னவர், என்னைவிட வேகமாகப் பேசுகிறார். “உங்களுக்குப் பெருங்குடல் அயர்ச்சி. நாள்பட்டது” என்றார். மாத்திறை எழுதிக் கொடுத்தார். ஒவ்வொரு மாத்திறையும் குதிரைக்குச் செய்தது போல இருக்கிறது. நிறையக் கேட்க நினைத்தேன். அதற்குள் அடுத்தவர் உள்ளே வந்து என் நாற்காலியில் பாதியில் உட்கார்ந்துவிட்டார்.

நீதான் எதையும் புத்தகத்தில் தேடிப் பிடிப்பவள். இது என்ன நோய் என்று பார்த்து எழுது. அக்காவிடம் மூச்சு விடாதே. போன தடவை எனக்குச் சாதாரணக் காய்ச்சல் வந்ததற்கே இரண்டு பையோடு வந்து இறங்கி, எங்கள் எஞ்சினியரை நிற்க வைத்துக் கேள்வி கேட்டாள். அந்த ஆள் இன்னும் என்னிடம் சரியாகப் பேசுவதில்லை. கடிதத்தை வாசிக்கச் சொல்வாள். இந்தப் பகுதியைத் தாண்டிவிட்டு, அந்த இடத்தில் எதையாவது போட்டு நிரப்பு. கட்டுரைப் போட்டியில் பரிசு வாங்குகிறவளுக்கு இதுகூடவா முடியாது?

இப்படிக்கு,
ஏனியில் வாழும் மாமா

*

ஜனவரி 25

அன்பும் மரியாதையும் நிறைந்த மாமாவுக்கு,

வணக்கம். நாங்கள் மூவரும் நலம். மூக்குக்கண்ணாடிக்கு மட்டும் ஒரு கால் ஆடுகிறது. உங்கள் நலத்தை நினைத்துத்தான் கவலையாக இருக்கிறது.

கடிதம் வந்தபோது அம்மா தையல் மெஷினில் உட்கார்ந்திருந்தாள். “படி, கேட்போம்” என்றாள். மெஷின் ஓடும்வரை பயமில்லை. மெஷின் நின்றால் அம்மா உன்னிப்பாகக் கேட்கிறாள் என்று பொருள். ‘வயிறு என் பேச்சைக் கேட்பதில்லை’ என்பதில் ‘வயிறு’ வரை வாசித்துவிட்டேன். மெஷின் நின்றுவிட்டது. “வயிறு... குலுங்கச் சிரிக்கும்படி இங்கே காற்று அடிக்கிறது” என்று முடித்தேன். மெஷின் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு ஓடத் தொடங்கியது. அதன்பின் உங்கள் நோய் வரும் இடங்களில் எல்லாம் காற்றையே அடிக்க வைத்தேன்.

எங்கள் பள்ளி நூலகத்தில் உடலியல் நூல் ஒன்று இருக்கிறது. நூலகர் அதைத் தரும்போது, “இது மேல் வகுப்புக்கு உள்ளது. எதுக்கும்மா உனக்கு?” என்றார். “குடும்ப நலனுக்கு” என்றேன். இரண்டு முறை படித்துப் புரிந்துகொண்டதை எழுதுகிறேன்.

நம் உடலில் கிருமிகளை விரட்ட ஒரு காவல்படை இருக்கிறது. சிலருக்கு அந்தப் படை, எதிரி இல்லாதபோதும் பெருங்குடலின் உள்தோலோடு ஓயாமல் சண்டை போடுகிறது. அதனால்தான் புண்ணும் இரத்தமும். ஏன் அப்படிச் செய்கிறது என்று யாருக்கும் முழுதாகத் தெரியாதாம். நீங்கள் தின்ற ஏதோ ஒன்றால் வந்தது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். சில காலம் அடங்கும், பிறகு மறுபடியும் கிளம்பும். மாத்திரை அந்தச் சண்டையை அடக்குவதற்கு. ஒட்டுவாரொட்டி நோய் அல்ல என்பதால் விசில் அண்ணன் தூர நிற்க வேண்டியதில்லை.

அன்புள்ள,
தங்கள் அகராதி

சிவப்பு மையில், வழக்கம்போல் பிழைத் திருத்தம்: ‘ஏனி’ அன்று, ‘ஏணி’. ‘மாத்திறை’ அன்று, ‘மாத்திரை’. ‘அயர்ச்சி’ அன்று, ‘அழற்சி’.

*

பிப்ரவரி 19

அன்புள்ள அகராதிக்கு,

மாமாவின் ஆசிகள். இங்கே காற்று பலமாக அடிப்பதாகக் கேள்விப்பட்டேன். போனில் அக்கா, “உங்க ஊர்ல அப்படி என்னடா காத்து?” என்று கேட்டாள். நான் முழித்துவிட்டு, “ஆமாக்கா, சட்டை பறக்குது” என்றேன்.

உன் கடிதத்தை விசிலுக்கும் வாசித்துக் காட்டினேன். “உங்க மருமக டாக்டருக்குப் படிக்கட்டும்ணே. நாம உடம்ப ஒப்படைச்சிடலாம்” என்றான். சிவப்பு மைப் பகுதியை மட்டும் வழக்கம்போல் மரியாதையாக மடித்து வைத்துவிட்டேன். பள்ளிக்கூடத்தை விட்டு வந்ததே சிவப்பு மைக்குப் பயந்துதான்.

நல்ல செய்தி. அந்தக் குதிரை மாத்திறை வேலை செய்கிறது! இரத்தம் நின்றுவிட்டது. இறங்குவது குறைந்துவிட்டது. நேற்றுச் சாப்பாட்டு நேரம் வரை உச்சியிலேயே இருந்தேன். விசில் கவலையோடு, “அண்ணே, உயிரோட இருக்கீங்களா?” என்று கேட்டான்.

நீ எழுதிய காவல்படை விஷயத்தைக் கூண்டில் உட்கார்ந்து யோசித்தேன். ஓயாமல் சண்டை போட்டால் யாருக்குத்தான் அசந்து வராது? டாக்டரம்மா சொன்ன வார்த்தை அப்போதுதான் எனக்கு விளங்கியது. குடலும் ஒரு வேலைக்காரன்தானே. அதையும் போட்டுப் படுத்தக் கூடாது. கிரேனுக்கே வாரம் ஒருநாள் ஓய்வு கொடுத்து எண்ணெய் போடுகிறோம்.

மிச்சம் நேரில்.

இப்படிக்கு,
தரை காணாத மாமா

*

மார்ச் 12

அன்புள்ள மாமாவுக்கு,

வணக்கம். இங்கே அனைவரும் நலம். நீங்கள் தேறியது அறிந்து துள்ளிக் குதித்தேன். அம்மா “என்னடி?” என்றாள். “மாமா ஊரில் காற்று குறைந்துவிட்டது” என்றேன். “அதுக்கா இந்தக் குதி?” என்றாள். மெஷின் நின்றிருந்தது.

நூலகர் எனக்காக இன்னொரு நூலைத் தேடி எடுத்து வைத்திருந்தார். அதில் ஒரு வரி என்னைப் பிடித்து நிறுத்தியது. இந்த நோயில் நலமாக இருக்கும் காலத்திலும் மாத்திரையைத் தொடர வேண்டுமாம். நோயை அடக்க மட்டுமல்ல, அடங்கியது அடங்கியபடி இருக்கவும் அதே மாத்திரைதானாம். ‘குணமாகிவிட்டது’ என்று சொல்லாமல் ‘தணிந்திருக்கிறது’ என்றே அந்த நூல் சொல்கிறது. எனக்கு அந்தச் சொல் மிகவும் பிடித்தது. அடுப்பைத் தணிப்போம் இல்லையா, அணைந்துவிட்டது என்று சொல்ல மாட்டோம்.

ஆகவே கேட்கிறேன். மாத்திரையை விடாமல் சாப்பிடுகிறீர்களா? பக்க விளைவு ஏதேனும் இருக்கிறதா? அவ்வப்போது இரத்தப் பரிசோதனை உண்டு என்று போட்டிருக்கிறது, செய்தீர்களா? மூன்றுக்கும் தனித்தனியே விடை தேவை.

அன்புள்ள,
அகராதி

சிவப்பு மையில்: ‘மாத்திறை’ மீண்டும் தவறு. ‘மாத்திரை’.

*

ஏப்ரல் 20

அன்புள்ள அகராதிக்கு,

எல்லோரும் சுகமா? உச்சியில் ஒரு புறா கூடு கட்டியிருக்கிறது. கிரேனின் கை திரும்பும்போது அதுவும் கூடவே ஊரைச் சுற்றிப் பார்க்கிறது. செலவில்லாத சுற்றுலா. முட்டை இட்டிருக்கிறது. குஞ்சு பொரித்தால் எழுதுகிறேன். எங்கள் கட்டிடம் இன்னும் ஒரு மாடி ஏறிவிட்டது. எஞ்சினியர் மீசையை எடுத்துவிட்டார், பார்க்கச் சகிக்கவில்லை.

மாத்திறையைப் பற்றிக் கேட்டிருந்தாய். மாத்திறை நலமாக இருக்கிறது. டப்பாவில் பத்திரமாக உள்ளது.

அவசரத்தில்,
மாமா

*

ஏப்ரல் 28

அன்புள்ள மாமாவுக்கு,

நலம், நலமறிய ஆவல். இம்முறை அந்த ஆவல் நிஜமாகவே மிகுதி.

மாத்திரை ஏன் டப்பாவில் பத்திரமாக இருக்கிறது? அது உங்களுக்குள் அல்லவா இருக்க வேண்டும்? மூன்று கேள்விக்கு விடை கேட்டேன். புறா, மாடி, மீசை என்று வேறு மூன்று வந்திருக்கிறது. பரீட்சையில் விடை தெரியாதவர்கள்தான் இப்படித் தெரிந்ததை எழுதிப் பக்கத்தை நிரப்புவார்கள். எனக்குப் பக்கத்து மேசையில் ஒருத்தி அப்படித்தான் எழுதுவாள். அவளுக்கு எப்போதும் முட்டைதான்.

உடனே பதில் எழுதவும்.

அன்புள்ள,
அகராதி

*

மே 26

அன்புள்ள மாமாவுக்கு,

நலமா? என் கடிதத்துக்குப் பதில் வரவில்லை. போனில் அம்மாவிடம் தூக்கம் வருகிறது என்று சொல்லி வைத்துவிட்டீர்களாம். அப்போது விளக்கு வைக்கும் நேரம்கூட ஆகவில்லை. தபால்காரர் நம் வீட்டைத் தாண்டிப் போகும்போது என்னைப் பார்த்துக் கையை விரிக்கிறார். தெருவில் எல்லோரும் சிரிக்கிறார்கள்.

வாசிக்கக் கடிதமே இல்லாமல் காற்றை எங்கிருந்து அடிக்க வைப்பது? ஒரு வரியாவது எழுதுங்கள். பிழையோடு எழுதினாலும் பரவாயில்லை.

அகராதி

*

ஜூன் 9

அன்புள்ள அகராதிக்கு,

மாமா எழுதுவது. படுத்துக்கொண்டு எழுதுவதால் எழுத்தும் படுத்திருக்கிறது. பயப்படாதே, ஆஸ்பத்திரியிலிருந்து வந்துவிட்டேன்.

மறுபடியும் எல்லாம் கிளம்பிவிட்டது. முன்னைவிட மோசம். ஒருநாள் ஏனியின் பாதியிலேயே கண்ணை இருட்டிக்கொண்டு வந்தது. விசில் ஏறி வந்து இடுப்பைப் பிடித்து இறக்கினான். “இத்தன நாளா நீங்கதான்ணே சரக்க இறக்குனீங்க. இன்னிக்கு நான் இறக்குறேன்” என்றான். சிரிக்கத்தான் சொன்னான். சிரிப்பு வரவில்லை.

இப்போது ஸ்டீராய்டு கொடுத்திருக்கிறார்கள். முகம் நன்றாகக் காற்றடித்த பந்து மாதிரி ஆகிவிட்டது. சவரம் செய்யும்போது கத்தி சுற்றிச் சுற்றி வருகிறது. பசி தாங்க முடியவில்லை, தூக்கம் கிடையாது. நர்ஸம்மாவிடம், “இதை நிப்பாட்டிடவா?” என்று கேட்டேன். அவர் பார்த்த பார்வையில் இரண்டு மாத்திறை சேர்த்து விழுங்கிவிட்டேன்.

டாக்டரம்மா என் தாள்களைப் புரட்டிப் பார்த்து நெற்றியைச் சுருக்கினார். “மாத்திறை உங்களுக்குப் பலன் தரலபோல. அடுத்த கட்டத்துக்குப் போக வேண்டியிருக்கும்” என்றார். அடுத்த கட்டம் என்றால் சில வாரத்துக்கு ஒருமுறை ஊசி. அந்தக் காவல்படையின் கையையே கட்டிப்போடும் மருந்தாம். போடும் முன் நெஞ்சில் பழைய காசநோய்க் கிருமி ஒளிந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எதற்கும் அடங்காவிட்டால் கடைசியில் பெருங்குடலையே அறுத்து எடுப்பது. அதைக் கேட்டதும் என் காது மூடிக்கொண்டது. மலம் சேர வயிற்றோடு பை கட்டிக்கொண்டும் பலர் நன்றாக வாழ்கிறார்களாம். வாழட்டும். ஏனி ஏற விடுவார்களா என்பதுதான் என் கேள்வி. அதைக் கேட்க வாய் வரவில்லை.

“மாத்திறைய ஒழுங்கா சாப்பிட்டீங்களா?” என்று கேட்டார். நான் தலையை ஆட்டினேன். எந்தப் பக்கம் ஆட்டினேன் என்று நீ கேட்காதே.

எனக்கு ஒன்றுதான் புரியவில்லை. டாக்டரம்மா அயர்ச்சி என்று சொன்னதால், கொஞ்சம் தேறியதும் குடலை ஒரு தொந்தரவும் செய்யாமல் விட்டேன். மாத்திறை உட்பட ஒன்றையும் அதன் தலையில் ஏற்றவில்லை. இவ்வளவு ஓய்வு கொடுத்தும் இப்படிப் பண்ணுகிறதே!

மாமா

*

ஜூன் 15

மாமா!

வணக்கம் சொல்ல மறந்து இரண்டு பக்கம் எழுதிக் கிழித்துவிட்டேன். வணக்கம். நாங்கள் நலம். இனி விஷயத்துக்கு வருகிறேன்.

நான் அதைப் பிழை என்று நினைத்தேன். ‘ஏனி’ போல, ‘மாத்திறை’ போல, கை தவறிய பிழை. சிவப்பு மையில் திருத்திவிட்டு நிம்மதியாக இருந்தேன். அது பிழையே இல்லை. நீங்கள் அயர்ச்சி என்று எழுதியது அயர்ச்சி என்று நினைத்துத்தான்! களைப்பு என்று! டாக்டர் வேகமாகச் சொன்னதில் ழகரம் யகரமாக உங்கள் காதில் விழுந்திருக்கிறது. நான் வேறு ‘ஓயாமல் சண்டை’ என்று எழுதி அதற்கு எண்ணெய் ஊற்றியிருக்கிறேன்.

சிவப்பு மையை நீங்கள் மடித்து வைத்துவிடுவதால், இம்முறை நீல மையில், பெரிய எழுத்தில், பக்கத்தின் நடுவில் எழுதுகிறேன்.

அ ழ ற் சி

அழல் என்றால் நெருப்பு, மாமா. உங்கள் குடல் களைத்துப்போகவில்லை. எரிகிறது. நீங்கள் விடுமுறை கொடுத்தது குடலுக்கு அல்ல, தீயணைப்புப் படைக்கு!

இப்போது டாக்டர் என்ன நினைக்கிறார் என்று பாருங்கள். மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டும் உங்களுக்கு அது வேலை செய்யவில்லை என்று நினைக்கிறார். அது வேலை செய்யவில்லையா, வேலைக்கே கூப்பிடப்படவில்லையா என்பது உங்களுக்கும் எனக்கும் அந்த டப்பாவுக்கும் மட்டும்தான் தெரியும். அந்த ஊசி நல்ல மருந்துதான். தேவைப்பட்டால் நீங்கள் பயப்படாமல் போட்டுக்கொள்ள வேண்டும். ஆனால் தேவையா என்று முடிவு செய்ய டாக்டருக்கு உண்மை தெரிய வேண்டாமா? கீழே என்ன எடை கட்டியிருக்கிறது என்று விசில் அண்ணன் பொய் சொன்னால் நீங்கள் அதைத் தூக்குவீர்களா?

நீங்கள் செய்ய வேண்டியவை: டாக்டரிடம் போய், மாத்திரையை நிறுத்திவிட்டேன் என்று சொல்லுங்கள். ஏனியைப் பற்றியும் கேளுங்கள். ஸ்டீராய்டை மட்டும் நீங்களாக நிறுத்தாதீர்கள். அதைப் படிப்படியாகக் குறைக்க வேண்டும், சட்டென்று விட்டால் ஆபத்து என்று தடித்த எழுத்தில் போட்டிருக்கிறது. முகம் பிறகு சுருங்கிவிடுமாம்.

சொல்லவில்லை என்றால் உங்கள் அடுத்த கடிதத்தை அம்மாவுக்கு ஒரு வரி விடாமல் வாசிப்பேன். காற்று அடிக்காது. அம்மா இரண்டு பையோடு வருவாள்.

கோபத்தோடும் அன்போடும்,
அகராதி

(மறுபடி படித்தபோதுதான் பார்த்தேன், நானும் ‘ஏனி’ என்று எழுதியிருக்கிறேன். உங்களிடமிருந்து ஒட்டிக்கொண்டது. இந்த ஒன்று ஒட்டுவாரொட்டிதான்.)

*

ஜூலை 6

அன்புள்ள அகராதிக்கு,

மாமா எழுதுவது. நீ உட்கார்ந்து படி, நான் நின்றுகொண்டு எழுதுகிறேன். கெட்ட செய்தி இல்லை.

உன் கடிதத்தைப் படித்ததும் முதலில் கோபம் வந்தது. பிறகு விசில் அதை வாங்கிப் படித்தான். படித்துவிட்டு வெகு நேரம் சிரித்தான். “அண்ணே, தீப்பிடிச்ச வீட்ட ‘பாவம் தூங்கட்டும்’னு போத்திவிட்டிருக்கீங்க” என்றான். அவனே என்னோடு ஆஸ்பத்திரிக்கு வந்தான். துணைக்கு என்றான். தப்பி ஓடாமல் பார்த்துக்கொள்ளத்தான்.

உள்ளே போவதற்கு முன் என்ன பேசுவது என்று ஒத்திகை எல்லாம் பார்த்தேன். உள்ளே போனதும் அத்தனையும் போய்விட்டது.

“சொல்லுங்க” என்றார் டாக்டரம்மா.

“டாக்டர், அயர்ச்சின்னு நெனச்சிட்டேன்.”

“களைப்பா இருக்கா?”

“எனக்கில்ல டாக்டர். குடலுக்கு.”

அவர் பேனாவை மூடி வைத்தார். முழுவதையும் சொன்னேன். மாத்திரையைப் பிப்ரவரியிலேயே நிறுத்தியதை, தலையை ஆட்டியதை, எல்லாவற்றையும். முதலில் கோபப்பட்டார். “இது தெரியாம நான் அடுத்த மருந்துக்கு எழுதியிருப்பேனே!” என்றார். பிறகு அவர் முகம் மாறியது. “நான் வேகமா பேசறேனா?” என்று நர்ஸம்மாவிடம் கேட்டார். நர்ஸம்மா சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தார். டாக்டரம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “அழற்சி, அயர்ச்சி. சரி, இனிமே எல்லார்கிட்டயும் புண்ணுன்னே சொல்றேன்” என்றார்.

முடிவு என்னவென்றால், அதே மாத்திரை, முழு அளவில், இனி ஓய்வில்லாமல். கூடவே படுக்கும்போது உள்ளே செலுத்திக்கொள்ள ஒரு மருந்து. கேமரா போன அதே வழி, அவ்வளவுதான் எழுதுவேன். ஸ்டீராய்டு படிப்படியாகக் குறையும். இரத்தப் பரிசோதனை, பிறகு மறுபடி கேமரா. “அதுலயும் சரியில்லைன்னா ஊசி இருக்கு. அது தண்டனை இல்ல, அதுவும் ஒரு வழி. பயப்படாதீங்க” என்றார். பயம் கொஞ்சம் குறைந்திருக்கிறது.

ஏணியைப் பற்றியும் கேட்டேன். உடம்பு அடங்கும்வரை உச்சிக்குப் போகக் கூடாது என்று எஞ்சினியருக்கு எழுதிக் கொடுத்தார். அதுவரை நான் கீழே, விசிலுக்குப் பக்கத்தில். மேலே வேறொருவன். கூண்டைச் சுத்தமாக வைத்துக்கொள்வதில்லை. புறாவும் அவனை மதிப்பதில்லை.

வெளியே வரும்போது டாக்டரம்மா, “இதை யாரு கண்டுபிடிச்சது?” என்று கேட்டார்.

“எங்க வீட்டு அகராதி” என்றேன். “புத்தகமா, ஆளா?” என்றார். “ரெண்டும்தான் டாக்டர்” என்றேன்.

இனி அக்காவிடம் நானே சொல்லிவிடுகிறேன். கொஞ்சம் அவகாசம் கொடு.

இப்படிக்கு,
தரையில் வாழும் மாமா

*

ஆகஸ்ட் 3

அன்புள்ள மாமாவுக்கு,

வணக்கம். நாங்கள் அனைவரும் நலம் என்று எழுதுவதற்கு முன், நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

உங்கள் கடிதத்தை இம்முறையும் காற்றோடுதான் வாசித்தேன். நீங்கள்தானே அவகாசம் கேட்டீர்கள். டாக்டரம்மா வரும் இடத்தில் புயல் எச்சரிக்கை, நர்ஸம்மா வரும் இடத்தில் புழுதிக் காற்று. மெஷின் ஓடிக்கொண்டே இருந்தது. முடித்ததும் அம்மா நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு, “ஏன்டி, ஜனவரியிலிருந்து இப்படிக் காத்தடிச்சா அந்த ஊர்ல கிரேன் ஏது, வேலை ஏது? காத்தடிச்சா முதல்ல கிரேனத்தான் நிறுத்துவாங்க. எனக்குத் தெரியாதா?” என்றாள்.

நான் கடிதத்தை மடித்துக் கீழே வைத்தேன்.

“மார்ச்சிலேயே தெரியும்” என்றாள். நான் நூலகத்திலிருந்து கொண்டுவந்த புத்தகத்தை அம்மாவும் படித்திருக்கிறாள். நான் பள்ளிக்குப் போன பிறகு, மெஷினை நிறுத்திவிட்டு. “ஏன் போகலை அம்மா?” என்று கேட்டேன். “போனா அவன் எனக்குப் பயந்து இன்னும் ஒளிப்பான். உன்கிட்டயாவது எழுதுறானேன்னு விட்டுட்டேன்” என்றாள். ஆனால் நீங்கள் மாத்திறையை நிறுத்தியதை மட்டும் அம்மா நினைத்துக்கூடப் பார்க்கவில்லை. அதைச் சொன்னபோது மெஷின் மறுபடி ஓட வெகு நேரம் ஆயிற்று. எனக்கு அழுகை வந்துவிட்டது. அம்மாவுக்கும்தான். ஆனால் அவள் ஊசி குத்திவிட்டது என்றாள்.

மீதியை அம்மாவே எழுதுகிறாள்.

அன்புள்ள,
அகராதி

தம்பிக்கு, அக்கா எழுதுவது. நான் சுகம். நீ சுகம் என்று எனக்குப் பொய் எழுத வேண்டாம். நான் வரவில்லை, பயப்படாதே. பை இரண்டும் பரண்மேல் இருக்கிறது. ஆனால் மாத்திரையை இன்னொரு தடவை நிறுத்தினாய் என்று கேள்விப்பட்டால், பரணுக்கு ஏணி வைக்க எனக்கும் தெரியும். உன் எஞ்சினியருக்கு என் விசாரிப்பைச் சொல்லு.

*

அக்டோபர் 30

அன்புள்ள அகராதிக்கும் அக்காவுக்கும்,

இருவரும் சேர்ந்து வாசிக்கலாம். காற்றில்லாத கடிதம்.

போன வாரம் மறுபடி கேமரா போய் வந்தது. இந்தத் தடவை டாக்டரம்மா திரையை என் பக்கம் திருப்பி, நிறுத்தி நிதானமாகப் பேசினார். “பாருங்க. அப்போ இங்க புண்ணு. இப்போ தோல் மூடியிருக்கு” என்றார். என் குடலை நானே பார்த்தேன். அப்படியொன்றும் அழகில்லை. ஆனாலும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. “குணமாயிடுச்சா டாக்டர்?” என்று கேட்க வாயைத் திறந்துவிட்டு, “தணிஞ்சிருக்கா டாக்டர்?” என்று கேட்டேன். அவர் என்னை உற்றுப் பார்த்து, “அகராதியா?” என்றார்.

ஸ்டீராய்டு முழுக்க நின்றுவிட்டது, அவர் சொன்னபடியே, படிப்படியாக. முகம் பழைய அளவுக்கு வந்துவிட்டது. விசிலுக்குத்தான் வருத்தம். “அந்த முகத்துல ஒரு கம்பீரம் இருந்துச்சுண்ணே” என்கிறான். மறுபடி கிளம்பினால் ஊசி. அது இருக்கட்டும், அதன் இடத்தில்.

திங்கள்கிழமை ஏணி ஏறினேன். அக்கா, மெதுவாகத்தான் ஏறினேன். கூண்டைத் துடைத்தேன். புறா பறந்துபோயிருந்தது. குஞ்சுகளும் போய்விட்டன, கூடு மட்டும் இருக்கிறது. சாப்பாட்டு நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால் வாக்கிடாக்கியில் விசில் தளம் முழுக்கக் கேட்கும்படி கத்தினான்.

“அண்ணே, மாத்திரை போட்டாச்சா?”

போட்டாச்சு என்றேன். கீழே யாரோ கைதட்டினார்கள். எஞ்சினியராகத்தான் இருக்கும், அக்காவின் விசாரிப்பைச் சொன்னதிலிருந்து அவர் என் உடம்பில் ரொம்ப அக்கறை காட்டுகிறார்.

இப்படிக்கு,
உச்சியில் வாழும் மாமா

சிவப்பு மையில் (விசிலிடம் கடன் வாங்கிய பேனா): உன் ஆகஸ்ட் கடிதத்தில் ஒரு பிழை. ‘மாத்திறை’ அன்று, ‘மாத்திரை’. தினமும் டப்பாவைப் பார்க்கிறவனுக்குத் தெரியாதா?